கான்ட்ராக்டர் காசு போன வழி

பெங்களூரு கப்பன் பூங்கா ஓரத்தில் செக்கச் செவேலென்று நிற்கிறதே உயர் நீதிமன்றம், அதைப் படம் பிடிக்காமல் திரும்பும் வெளியூர்க்காரர்கள் குறைவு. அட்டாரா கச்சேரி என்பது அதன் பழைய பெயர். கோட்டைக்குள் திப்புவின் அரண்மனையில் இருந்த 18 அரசுத் துறைகளுக்காக 1864-ல் தொடங்கி 1868-ல் முடித்தார்கள். கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1809-ல் ஆங்கிலேயப் படை முகாமிட்ட பிறகு, சரக்கு கொடுக்கவும் கட்டடம் எழுப்பவும் தமிழர்கள் திரண்டுவந்த கன்டோன்மென்ட்டில் ஆளானவர்.

கான்ட்ராக்டர் பணம் சேர்ப்பது அன்றைக்கும் அதிசயமில்லை. சேர்த்த பணம் எங்கே போயிற்று என்பதுதான் கதை. 1873-ல் அது ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமாயிற்று. மூன்றே வருடத்தில் தாது வருஷப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் 50 லட்சமாக இருந்த மைசூர் ராஜ்ஜியத்தின் மக்கள்தொகை 1881-ல் 42 லட்சம் அளவுக்கு இறங்கியது. அப்படியொரு காலத்தைத் தாண்டி ஒரு தர்மப் பள்ளி பிழைத்துக் கிடந்ததையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

ராய் பகதூர் பட்டம் வந்தது. பட்டமும் பெயரும் சேர்ந்து ஆர்.பி.ஏ.என்.எம். ஆயின. பள்ளி, கல்லூரி என்று அறக்கட்டளை வளர வளர, மனிதர் இனிஷியலுக்குள் ஒளிந்துகொண்டார். அல்சூர் ஏரிப் பக்கம் போகும் ஆட்டோக்காரரிடம் முதலியார் பெயரைச் சொன்னால் விழிப்பார். ‘ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். கிரவுண்ட்’ என்றால் மீட்டரைப் போடுவார். நவராத்திரியில் அந்த மைதானத்தில் வங்காளிகளின் துர்கா பூஜைப் பந்தல் களைகட்டும். தமிழர் ஒருவரின் தர்மம் யார் யாருக்கோ இடம் கொடுத்திருக்கிறது!

2023-ல் அறக்கட்டளைக்கு 150 வயது. விழா, மாலை, மலர் எல்லாம் இருக்கட்டும். நகரத்தின் நடுவே நிலம் வைத்திருக்கும் தர்ம ஸ்தாபனத்துக்கு உண்மையான வேலை காவல்தான். அறக்கட்டளையின் வசமிருந்த சொத்து ஒன்றைத் தங்களுக்கு விற்க 2018-ல் மூன்றாம் ஆட்கள் ஒப்பந்தம் போட்டார்கள் என்று சொல்லிச் சிலர் வழக்குத் தொடுத்தனர். விலை 9 கோடி. முன்பணமாக 75 லட்சத்தை ரொக்கமாகவே கொடுத்தோம் என்றார்கள். ஒப்பந்தத்தில் அறக்கட்டளை கையெழுத்தே இல்லை. ஆனாலும் மனுவைத் தொடக்கத்திலேயே தள்ளக் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மறுத்துவிட்டன. அந்த உயர் நீதிமன்றத்தின் பெங்களூரு முகவரி முதலியார் கட்டிய அதே அட்டாரா கச்சேரி! விதியின் குறும்பு என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

அறக்கட்டளை மேல்முறையீட்டுக்குப் போக, 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு மனுவைத் தள்ளியது. விற்பனை ஒப்பந்தம் மட்டும் நிலத்தின்மேல் உரிமை தராது, அதுவும் சம்பந்தமில்லாதவர் போட்ட ஒப்பந்தம் அறக்கட்டளையைக் கட்டுப்படுத்தாது என்றது. அதோடு விடவில்லை. 75 லட்சம் ரொக்கம் என்ற பேச்சு நீதிபதிகளை உறுத்தியிருக்கிறது. இனி எந்த வழக்கிலும் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறியதாகச் சொல்லப்பட்டால், நீதிமன்றம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு வரும் ஆவணத்தில் அப்படி இருந்தால் சார்பதிவாளரும் தெரிவிக்க வேண்டும். இந்த உத்தரவு இந்தியா முழுமைக்கும் பொருந்தும்.