த ட்ரக்கீ ஸ்ட்ரிப் (பொனான்சா தொடர்)

'த ட்ரக்கீ ஸ்ட்ரிப்' என்பது 'பொனான்சா' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் வந்த ஒரு கதை. என்பிசி நிறுவனம் இதை 1959 நவம்பர் 21 அன்று ஒளிபரப்பியது.

ட்ரக்கீ ஸ்ட்ரிப் என்பது கார்ட்ரைட், பிஷப் ஆகிய இரு குடும்பங்களும் உரிமை கொண்டாடும் காட்டு நிலம். இந்தப் பகைக்கு நடுவே கார்ட்ரைட் வீட்டின் கடைசி மகன் லிட்டில் ஜோவும் பிஷப்பின் மகள் ஏமியும் காதலிக்கின்றனர். ஜோவாக மைக்கேல் லாண்டனும் ஏமியாகக் கேரலின் கிரெய்க்கும் நடித்தனர். முடிவில் ஏமி உயிரிழக்கிறாள்.

கதை நெவாடாவின் தாஹோ ஏரிப் பகுதியில் நடக்கிறது. அங்கே மரத்துக்காகச் சண்டை என்பது வெறும் கற்பனையன்று. 1859இல் அருகிலுள்ள வர்ஜீனியா நகரில் காம்ஸ்டாக் வெள்ளிப்படிவம் கண்டறியப்பட்டது. சுரங்கம் சரியாமலிருக்க மரச்சட்டங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கும் முறையை 1860இல் பிலிப் டைடஷைமர் வகுத்தார். அதன்பின் தாஹோ காடுகள் வண்டி வண்டியாகச் சுரங்கத்துக்குள் இறங்கின. டைடஷைமரைப் பற்றியே இத்தொடரில் மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு கதை வந்திருந்தது.

மாணவர்கள் இக்கதையை ரோமியோ ஜூலியட்டோடு ஒப்பிடுவது இயல்பே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே காதலி மட்டுமே இறக்கிறாள். காதலன் அடுத்த வாரக் கதைக்கு வந்தாக வேண்டும்! ஏமியின் சாவுக்குத் தந்தையரின் பகையைவிடத் தொடரின் அமைப்பே பெரிய காரணம் என்பேன். ஒரு தந்தை, மூன்று மகன்கள், ஒரு பண்ணை என்பதே அதன் அடித்தளம். பண்ணைக்கு மருமகள் வந்தால் அது குலைந்துவிடும். தந்தை பென்னின் மூன்று மனைவியரும் ஏற்கெனவே இறந்தவர்களாகவே படைக்கப்பட்டனர். மகன்கள் விரும்பிய பெண்கள் பலரும் இறந்தார்கள், அல்லது பிரிந்து போனார்கள். இதை ரசிகர்கள் 'கார்ட்ரைட் சாபம்' என்று கேலியாகச் சொல்வதுண்டு. மூத்த மகன் ஆடமாக நடித்த பெர்னெல் ராபர்ட்ஸ், வளர்ந்த ஆண்கள் எதற்கெடுத்தாலும் அப்பாவின் அனுமதிக்குக் காத்திருப்பதை வெளிப்படையாகவே குறைகூறினார். 1965இல் அவர் தொடரை விட்டு விலகினார்.

ஜோவுக்கு ஒருமுறை திருமணமும் நடந்தது. 1972 செப்டம்பர் 12 அன்று ஒளிபரப்பான 'ஃபாரெவர்' கதையை லாண்டனே எழுதி இயக்கினார். முதலில் அது இரண்டாம் மகன் ஹாஸுக்காகத் திட்டமிடப்பட்டது. அந்த வேடத்தில் நடித்த டான் பிளாக்கர் அவ்வாண்டு மே மாதம் காலமானதால் ஜோவுக்கு மாறியது. அதில் ஜோவின் மனைவி ஆலிஸ், கருவுற்றிருந்த நிலையில் கொலை செய்யப்படுகிறாள்.