பன்றிக் காய்ச்சல்: டாமிஃப்ளூ மாத்திரை யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை? புனே கற்றுத் தந்த பாடம்

"ரெண்டு நாள் காய்ச்சல்தானே, தானா சரியாயிடும்" என்பார் வீட்டில் ஒருவர். "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், டாமிஃப்ளூ கிடைச்சா போட்டுக்கலாம்" என்பார் இன்னொருவர். மழைக்காலம் தொடங்கினால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இரண்டுமே சில நேரங்களில் சரி, சில நேரங்களில் ஆபத்து. எப்போது எது சரி என்பதை இந்தியா கற்றுக்கொண்டது 2009-ஆம் ஆண்டில், முக்கியமாக மகாராஷ்டிராவின் புனே நகரில்.

2009-இல் புனேவில் என்ன நடந்தது?

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதிய வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ் கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்றாக அறிவித்தது. இந்தியாவின் முதல் நோயாளி மே மாதம் ஹைதராபாத்தில் கண்டறியப்பட்டார். அவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர். அதனால் அப்போது எல்லோருடைய கவனமும் விமான நிலையங்கள் மீதே இருந்தது.

ஆகஸ்ட் 3 அன்று புனேவைச் சேர்ந்த 14 வயது பள்ளி மாணவி உயிரிழந்தார். பன்றிக் காய்ச்சலால் இந்தியாவில் நிகழ்ந்த முதல் மரணம் அது. அவருக்குத் தொண்டை வலியும் சளியும் தொடங்கியது ஜூலை 21 அன்று. முதலில் சாதாரண சளிக்கான சிகிச்சையே தரப்பட்டது. நடுவில் உடல்நிலை தேறி பள்ளிக்கும் சென்றார். மீண்டும் காய்ச்சல் வந்து, ஜூலை 27 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வைரஸுக்கு எதிரான மருந்து அவருக்குக் கிடைத்தபோது, நோய் தொடங்கி ஒரு வாரம் கடந்துவிட்டது.

அதன்பின் நகரமே பதறியது. பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. திரையரங்குகளும் மால்களும் சில நாட்கள் அடைக்கப்பட்டன. முகக்கவசம் கிடைக்காமல் மக்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனையான நாயுடு மருத்துவமனை முன்பு நீண்ட வரிசை நின்றது. வைரஸ் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற தேசிய வைராலஜி நிறுவனம் இருப்பதும் புனேவில்தான். ஆனாலும், பரிசோதனை கேட்டு வந்த கூட்டத்தைச் சமாளிப்பது எளிதாக இருக்கவில்லை.

அந்த வரிசையில் லேசான சளி உள்ளவர்கள் ஏராளம். உண்மையிலேயே மூச்சுத் திணறியவர்கள் சிலர். ஒருபக்கம் தேவையில்லாதவர்கள் முந்தினார்கள், மறுபக்கம் தேவைப்பட்டவர்கள் தாமதமாக வந்தார்கள். இந்த இரண்டையும் சரிசெய்யவே மத்திய சுகாதாரத் துறை நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்தது. அதைப் பார்ப்பதற்கு முன், மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பன்றிக் காய்ச்சல் என்ற பெயர் ஏன்?

மனிதர்களிடம் ஆண்டுதோறும் பரவுபவை இன்ஃப்ளூயன்சா ஏ, பி என்ற இரு வகைகள். வைரஸின் மேற்பரப்பில் உள்ள 'எச்', 'என்' என்ற இரண்டு புரதங்களை வைத்தே ஏ வகைக்கு எச்1என்1, எச்3என்2 என்று பெயர் சூட்டுகிறார்கள்.

பன்றியின் உடலில் பன்றி வைரஸ், பறவை வைரஸ், மனித வைரஸ் மூன்றுமே வளர முடியும். ஒரே நேரத்தில் இரண்டு வகை உள்ளே புகுந்தால் மரபணுத் துண்டுகள் கலந்து புதிய வைரஸ் உருவாகலாம். 2009-இல் வந்த எச்1என்1 இப்படிப் பன்றிகளில் பரவிய வைரஸ்களின் கலவையில் பிறந்தது. பெயர் அப்படி வந்ததே தவிர, நன்கு சமைத்த பன்றி இறைச்சியைச் சாப்பிடுவதால் இது வராது. இருமல், தும்மல் மூலமும், வைரஸ் பட்ட கையால் மூக்கையும் கண்ணையும் தொடுவதாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது.

2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வைரஸ் போய்விடவில்லை. ஆண்டுதோறும் வரும் பருவகால ஃப்ளூவில் ஒன்றாக அது நம்முடன் தங்கிவிட்டது. 2015-இல் இந்தியாவில் 42,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 3,000 பேர் உயிரிழந்ததும் இதே வைரஸால்தான்.

டாமிஃப்ளூ எப்படி வேலை செய்கிறது?

டாமிஃப்ளூ என்பது ஒரு நிறுவனம் வைத்த வணிகப் பெயர். மருந்தின் பெயர் ஓசல்டாமிவிர். இந்திய நிறுவனங்கள் ஃப்ளூவிர், ஆன்டிஃப்ளூ, நாட்ஃப்ளூ போன்ற பெயர்களில் இதே மருந்தைத் தயாரிக்கின்றன.

'எச்' புரதத்தைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து வைரஸ் நம் செல்லைத் திறந்து உள்ளே போகிறது. உள்ளே தன்னைப் போலவே பல நகல்களை எடுக்கிறது. வெளியே வரும் புது வைரஸ்கள் செல்லின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டுதலை வெட்டிவிடும் கத்தரிக்கோல்தான் 'என்' புரதம். ஓசல்டாமிவிர் இந்தக் கத்தரிக்கோலை மடக்கிவிடுகிறது. புது வைரஸ்கள் அடுத்த செல்லுக்குப் பரவ முடியாமல் போகும்.

ஆக, இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை, பரவலைத் தடுக்கிறது. வைரஸ் உடலில் வேகமாகப் பெருகுவது முதல் இரண்டு, மூன்று நாட்களில். அதனால்தான் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆனால் நிலைமை மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு 48 மணி நேரம் கடந்திருந்தாலும் மருந்து தரப்படும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, 75 மில்லிகிராம் காலை ஒன்று, மாலை ஒன்று என்று 5 நாட்கள். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். குமட்டலும் வாந்தியும் அதிகம் காணப்படும் பக்கவிளைவுகள். சாப்பாட்டுடன் எடுத்துக்கொண்டால் கொஞ்சம் குறையும்.

ஏ, பி, சி: நீங்கள் எந்த வகை?

ஏ வகை: லேசான காய்ச்சல், இருமல் அல்லது தொண்டை வலி, உடல் வலி, தலைவலி. இவர்களுக்குப் பரிசோதனையும் தேவையில்லை, ஓசல்டாமிவிரும் தேவையில்லை. வீட்டிலேயே தனியாக இருந்து ஓய்வெடுக்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்தில் மருத்துவர் மீண்டும் பார்த்து, நிலைமை மாறியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பி வகை: இதில் இரண்டு பிரிவு. மேலே சொன்ன அறிகுறிகளுடன் கடுமையான காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் இருப்பவர்கள் முதல் பிரிவு. இவர்களுக்கு ஓசல்டாமிவிர் தேவைப்படலாம், மருத்துவர் முடிவு செய்வார். லேசான அறிகுறிதான், ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர்கள் என்பது இரண்டாவது பிரிவு. கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய், இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு, புற்றுநோய், எச்ஐவி உள்ளவர்கள், நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதில் வருவார்கள். இவர்களுக்கு ஓசல்டாமிவிர் தர வேண்டும். பி வகைக்கும் பரிசோதனை கட்டாயமில்லை.

சி வகை: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அசாதாரண மயக்கம், ரத்த அழுத்தம் குறைவது, சளியில் ரத்தம், நகம் நீலமாவது. குழந்தை என்றால் பால் குடிக்க மறுப்பது, ஓயாமல் அழுவது, விழித்தெழ முடியாமல் துவண்டு கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பரிசோதனை, அனுமதி, மருந்து மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். காய்ச்சல் தணிந்து இரண்டொரு நாள் கழித்து மறுபடியும் ஏறினாலோ, இருமல் கூடினாலோ அது எச்சரிக்கை மணி. "அதான் சரியாயிடுச்சே" என்று விட்டுவிடக் கூடாது. நுரையீரலில் நிமோனியா தொடங்கியிருக்கலாம்.

எல்லோரும் முன்கூட்டியே போட்டுக்கொண்டால் என்ன தவறு?

முதலாவது, ஆரோக்கியமானவர்களுக்குப் பலன் குறைவு. பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வின்படி, பெரியவர்களுக்கு 7 நாள் நீடிக்கும் அறிகுறிகள் 6.3 நாளாகக் குறைந்தன. அதாவது ஒரு நாள்கூட முழுதாக மிச்சமில்லை.

இரண்டாவது, எதிர்ப்புத் திறன். அமன்டடின் என்ற பழைய ஃப்ளூ மருந்து இன்று பரவும் ஏ வகை வைரஸ்களிடம் கிட்டத்தட்ட பயனற்றுப் போய்விட்டது. ஓசல்டாமிவிருக்கும் மசியாத வைரஸ்கள் உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டுள்ளன. இப்படிப்பட்ட அச்சத்தால்தான் இந்தியாவில் பல ஆண்டுகள் இந்த மருந்து கடுமையான கட்டுப்பாடுள்ள 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் இருந்தது. குறிப்பிட்ட உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே கிடைத்தது. அவசரத்துக்கு மருந்து கிடைக்கவில்லை என்ற புகார் எழுந்தது. 2017-இல் 'ஷெட்யூல் எச்1' பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இப்போது மருத்துவரின் சீட்டு இருந்தால் சாதாரண மருந்துக் கடையிலும் வாங்கலாம்.

வேறு மருந்துகள் உண்டா?

ஜனாமிவிர் என்பது மூச்சில் இழுக்கும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. பெராமிவிர் நரம்பு வழியாக ஏற்றப்படுவது. பலாக்ஸாவிர் புதியது, 2018-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வைரஸ் நகல் எடுப்பதையே தடுக்கிறது, ஒரே ஒரு வேளை போதும். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், தீவிர நோயாளிகளுக்கு ஓசல்டாமிவிரையும், நோய் தீவிரமாகும் ஆபத்து அதிகமுள்ள, தீவிரமற்ற நோயாளிகளுக்கு பலாக்ஸாவிரையும் பரிந்துரைக்கிறது. உங்களுக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. கூடவே பாக்டீரியா தொற்று இருந்தால் மட்டுமே அது தேவை.

பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ ஃப்ளூவுக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓசல்டாமிவிர் தயாரிக்கத் தேவையான ஷிகிமிக் அமிலம் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்படுவது உண்மை. ஆனால் அது வெறும் மூலப்பொருள். பல வேதியியல் படிகளைத் தாண்டியபிறகே மருந்தாகிறது. அன்னாசிப்பூ கஷாயம் மாத்திரைக்கு ஈடாகாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரக்கூடும். நம் ஊரில் மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்தே வரும் என்பதால் ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளையும் தானாகப் போட வேண்டாம். கஞ்சி, ரசம், நீர் ஆகாரம் நிறைய கொடுங்கள். அறிகுறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, ஐந்து முதல் ஏழு நாள் வரை ஒருவரிடமிருந்து நோய் பரவலாம். வீட்டில் தாத்தா பாட்டியோ கர்ப்பிணியோ இருந்தால் நோயாளி தனி அறையில் இருப்பதும் முகக்கவசம் அணிவதும் அவசியம்.

தடுப்பூசி?

வைரஸ் அடிக்கடி உருமாறுவதால் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். மூக்கில் தெளிக்கும் எச்1என்1 தடுப்பு மருந்தை 2010-இல் சந்தைக்குக் கொண்டுவந்ததும் புனேவின் சீரம் நிறுவனம்தான். பி வகையில் சொன்ன ஆபத்து அதிகமுள்ளவர்களும், மருத்துவமனை ஊழியர்களும் மழைக்காலத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பது நல்லது.

மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: காய்ச்சல் எந்த நாள், எந்த வேளையில் தொடங்கியது, ஏற்கெனவே என்ன நோய்க்கு மருந்து எடுக்கிறீர்கள், மூச்சு விடச் சிரமம் இருக்கிறதா. மாத்திரை தேவையா, எவ்வளவு அவசரம் என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு முதலில் வேண்டியது இந்த மூன்று பதில்கள்தான்.