சேஸிஸை மட்டும் தொடாதே: பாறசாலையில் ஒரு பழைய புல்லட்

இரண்டு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை (இங்கே மஸ்கட்டில் அன்றுதான் எங்களுக்கு லீவு) பாறசாலையில் இருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, அப்பாவுக்க புல்லட்ட பொளிச்சு பாபர் ஆக்கப் போறேன். பின்னால உள்ள பைப்ப முழுக்க கட் பண்ணணும். ஒரு லட்சம் ரூவா வேணும்."

அத்தான் 2021-ல் தவறினார். 1986 மாடல் வண்டி. வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அக்காவிடம் கேட்டேன். "அவன் இஷ்டம். எங்கிட்ட எதுக்குலே கேக்க?" என்று பேச்சை முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் இப்படிச் சொன்னால் இஷ்டமில்லை என்று அர்த்தம்.

பணம் கொடுப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்ப்பவன். அந்த வாரத்தில் தேடிப் படித்ததையும், ஊரில் சின்ன வயதில் இருந்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நிற்கும் என்பது என் ஊகம்.

முதலில் இந்த 'பாபர்' எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்சன் வண்டிகளை மலிவாக வாங்கினார்கள். முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டி, எடையைக் குறைத்து ஓட்டினார்கள். இங்கிலாந்தில் 1950, 60-களில் வேறு மாதிரி. லண்டன் ஏஸ் கஃபே மாதிரி டீக்கடைகளில் கூடும் பையன்கள் ஹேண்டில் பாரைத் தாழ்த்தி, நார்ட்டன் சட்டத்தில் டிரையம்ப் எஞ்சினை ஏற்றி, 'டிரைட்டன்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் கையில் காசு இல்லாதவர்கள் பழையதை வைத்துச் செய்த வேலை இது. ஃபேஷன் ஆனது பின்னால்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். பழையதைப் பிரித்துப் புதிதாகக் கட்டும் வேலை பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் யூடியூப் கற்றுக்கொடுத்தது அல்ல. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு பஸ் சர்வீஸ் தொடங்கியது. முதல் ரூட்டே திருவனந்தபுரம் - கன்னியாகுமரி, அதாவது நம்ம நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழி. அதை நடத்த லண்டன் பயணிகள் போக்குவரத்து நிறுவனத்தில் இருந்து சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரைக் கொண்டு வந்தார்கள். முதலில் ஓடிய 60 பஸ்களுக்கும் காமர் சேஸிஸ், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். இரண்டும் கப்பலில் இங்கிலாந்தில் இருந்து வந்தவை. பாடியை மட்டும் திருவனந்தபுரத்தில் நம்ம ஆட்களே கட்டினார்கள்.

சேஸிஸ் வெளியிலிருந்து, பாடி நம்ம கையால். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது புல்லட்.  சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற கம்பெனி 1949-ல் இருந்து பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 1952-ல் இந்திய ராணுவம் அவர்களிடம் 500 புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. 1953 தொடக்கத்தில் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு ஆலையில் இருந்து வண்டிகள் வந்தன, நன்றாகவும் உழைத்தன. 1955-ல் இரண்டு கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஆனது. 1956-ல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. அந்த வருடம் மொத்தம் கட்டியது 163 வண்டிதான். அதுவும் இங்கிலாந்தில் இருந்து பெட்டி பெட்டியாக வந்த உதிரி பாகங்களைப் பூட்டியது! 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தப் பக்கம் நாம் கற்றுக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் பெற்றவர்கள் கடையை மூடினார்கள். ரெடிச் ஆலை 1967-ல் மூடியது. 1970-ல் இங்கிலாந்தில் கம்பெனியே இல்லாமல் போனது. 1977-ல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. 1994-ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வரை வந்தது.

இதில் வண்டி கட்டுகிறவனுக்கு என்ன லாபம்? எஞ்சின் அடிப்படை அரை நூற்றாண்டாகப் பெரிதாக மாறவில்லை. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், அதை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம். சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டலாம். 70-களின் வண்டிப் பாகம் 90-களின் வண்டிக்குக் கொஞ்சம் ராவினால் பெரும்பாலும் உட்காரும். அதனால்தான் குஜராத் சௌராஷ்டிராவில் புல்லட்டின் முன்பாதியை எடுத்து, பின்னால் வண்டித் தட்டு கட்டி, 'சக்கடா' என்று மூன்று சக்கரத்தில் ஓட்டினார்கள். வடக்கே வயல் பம்ப்செட் டீசல் எஞ்சினைப் புல்லட் சட்டத்தில் ஏற்றினார்கள். இவையெல்லாம் வயிற்றுப்பாட்டுக்குக் கட்டிய வண்டிகள். யாரும் அதை 'கஸ்டம்' என்று சொல்லவில்லை.

திருவொற்றியூர் ஆலை திறந்த அதே 1956-ல்தான், நவம்பர் 1 அன்று, நம்ம ஊரும் பிரிந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. கிடைக்கவில்லை. பாறசாலை கேரளம், பக்கத்துக் களியக்காவிளை தமிழ்நாடு. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலம், எடுத்த வீடு இன்னொரு மாநிலம்.

வண்டிகளுக்கும் அதே கதிதான். அத்தான் வீடு பாறசாலை (இன்று அது கே.எல். 19). அவர் நம்பிய லேத் பட்டறை மார்த்தாண்டத்தில் (டி.என். 75). ரிப்பேருக்குப் போய் வர யாரும் தடுக்கவில்லை. ஆனால் வண்டி 12 மாதத்துக்கு மேல் அந்தப் பக்கமே தங்கினால் அங்கே புது நம்பர் எடுக்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கத்து ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் நம்பர் ஃபாரத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கு சேஸிஸ் நம்பர் மேல் பேப்பர் வைத்து, பென்சிலால் தேய்த்து, பிரின்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். வங்கிக் கடன் ஃபைலிலும் இதே பென்சில் பிரின்ட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெயின்ட் மாறலாம், டாங்க் மாறலாம், எஞ்சினைக்கூட ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி ஆர்.சி.யில் ஏற்றலாம். அது அதே வண்டிதான் என்பதற்குக் கடைசி சாட்சி அந்த நம்பர்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2000-ல் அதை இறுக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எதிர்த்து வந்த வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது.

சட்டம் கிடக்கட்டும். மருமகன் வெட்டப் போகிறேன் என்ற பைப்பில்தான் பின் ஷாக்கின் மேல்முனை மாட்டியிருக்கிறது, சீட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டி வீட்டு முற்றத்தில் வெல்டிங் வைத்தால் பின்னால் உட்கார்கிறவரின் உயிர் அந்த வெல்டிங்கில் நிற்கும். அநேகமாக அது என் அக்காவாக இருக்கும்.

ஒரு வாரம் கழித்து நானே போன் செய்து சொன்னேன். "மக்கா, 38-ல சால்ட்டர் வச்சு கட்டினவங்களும் சேஸிஸ்ல கை வைக்கல்ல. பாடியத்தான் கட்டினாங்க. நீயும் போல்ட் கழத்தி மாட்டுறத மட்டும் செய்யி. அதுக்குள்ள பணம் நான் தாறேன்." சீட், ஹேண்டில் பார், பெயின்ட், எஞ்சின் வேலை இவ்வளவும் கணக்கில் ஏற்றினோம். நிறம் மாற்றினாலும் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டான். பிறகு, "அப்போ ஆர்.சி. யாருக்க பேருல இருக்கு மாமா?" என்றான்.

அங்கேதான் மாட்டினோம். ஆர்.சி. இன்னும் அத்தான் பெயரில். பதினைந்து வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அவரே புதுப்பித்து வந்தார். 2021-ல் முடிந்ததை யாரும் பார்க்கவில்லை. இறந்த 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் நம்பர் ஃபாரத்தில் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பும் நான், சொந்த அக்கா வீட்டில் இதைக் கேட்கவே இல்லை. தப்பு என்னுடையதும்தான்.

இப்போது வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாமதக் கட்டணம் என் கணக்கில். எஞ்சின் பட்டறையில் இருக்கிறது. ஊரில் அப்பாவோ அண்ணனோ விட்டுப் போன வண்டி நின்றால் நீங்களும் இன்று ஒரு போன் போட்டு ஆர்.சி.யைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போன வாரம் மருமகன் சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரின்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினான். முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலான வண்டி, கடல் காற்று வேறு, துரு தின்றிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. அத்தான் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடிக்காமல் கிரீஸ் தடவி வைத்திருந்தாராம். அவன் பிரின்ட் எடுக்க அதைத் துடைத்தபோது அக்கா பக்கத்தில் நின்று, "வேலை தீந்ததும் திரும்பத் தடவிருலே" என்றாளாம்.