தப்பொலியும் நேரச் சேவையகமும்

மலையகத் தோட்டங்களில் தப்பொலி கேட்டே தொழிலாளர் துயிலெழுந்தனர். கடிகாரம் நிருவாகத்திடம் இருந்தது. பெரட்டுக் களத்திற்குப் பிந்தி வந்தவர் அன்றைய ‘பேரை’ இழக்க நேர்ந்தது. 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த புகையிரதம் பொது நேரத்தின் தேவையைப் பெருக்கியது. 1906இல் இலங்கை, கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை ஏற்றது. 1996 மே மாதம், மின்சாரத்தைச் சேமிக்கவென அது ஒரு மணி முன்தள்ளப்பட்டது; ஒக்டோபரில் அரைமணி குறைந்தது; 2006 ஏப்ரிலில் பழைய நேரம் மீண்டது.

இன்று கணினி, இணைய நேரச் சேவையகத்தை வினவி, செய்தி சென்று மீளும் தாமதத்தையும் கணித்துத் தன் கடிகாரத்தைத் திருத்துகிறது. சேவையகம் தருவது உலகப் பொது நேரமே; நாட்டு நேரத்தை வகுப்பது அரசு. ஆயினும் ஒரு மாற்றம் மெய்யானது: அன்று நிருவாகத்திடம் மட்டுமே இருந்த சான்று, இன்று தொழிலாளியின் கைபேசியிலும் உண்டு.