பீம் நடைரோபோ

பீம் நடைரோபோ என்பது பழுதான மின்னணுக் கருவிகளிலிருந்து கழற்றிய பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும், கால்களால் நடக்கும் சிறிய எந்திரம். இதில் கணினியோ நிரலோ இல்லை. மின்சுற்றின் துடிப்பும் கால்களின் வடிவமும் சேர்ந்தே நடையை உண்டாக்குகின்றன. உயிரியல், மின்னணுவியல், அழகியல், இயந்திரவியல் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகள் சேர்ந்ததே ‘பீம்’.

தோற்றம்

1980களின் இறுதியில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ராட்னி புரூக்ஸ், கெங்கிஸ் என்னும் ஆறுகால் ரோபோவை உருவாக்கினார். முழுத் திட்டமும் வகுக்கும் மையம் ஒன்று இல்லாமலேயே, எளிய செயல்கள் பல அடுக்காகச் சேர்ந்து நடை உருவாகும் என்பதை அது காட்டியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் டில்டன், 1989இல் புரூக்ஸின் உரையைக் கேட்டு இத்துறையில் புதிய வழி தேடினார். கெங்கிஸில் இருந்த நுண்செயலிகளையும் விலக்கிவிட்டு, நரம்பணுவைப் போல் துடிக்கும் எளிய மின்சுற்றுகளால் ரோபோக்களை இயக்கினார். இம்முறைக்கு 1994இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்திலும் இப்பணியைத் தொடர்ந்தார்.

பாகங்கள்

வாக்மேன், வீடியோ டெக், சிடி இயக்கி, பிரிண்டர் ஆகியவற்றின் மோட்டார்களும் பல்சக்கரங்களும், கால்குலேட்டரின் சூரிய மின்கலங்களும் இதற்குப் பயன்படுகின்றன. பேட்டரியில் நெடுநேரம் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை என்பதால், வாக்மேன் மோட்டார்கள் குறைந்த மின்னோட்டத்தில் சுழலும். ஆனால் அவற்றின் முறுக்குவிசை குறைவு. எடையைத் தூக்கிக் காலை நகர்த்தப் பல்சக்கரத் தொகுதி வேண்டும். பொம்மை விமானங்களில் உள்ள சர்வோ மோட்டாரில் அத்தொகுதி சேர்ந்தே வருவதால், அதன் மின்சுற்றை மட்டும் நீக்கிவிட்டுப் பயன்படுத்துவதும் உண்டு. சட்டை மாட்டும் கம்பியை வளைத்தே கால்கள் செய்துவிடலாம்.

பாகங்களுக்காகப் பழைய கேமராவைப் பிரிக்கும்போது கவனம் தேவை. ஃபிளாஷ் விளக்கின் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் அழுத்தம் தேங்கியிருக்கக்கூடும்.

இயங்கும் முறை

நான்கு கால்களும் இரண்டு மோட்டார்களும் கொண்ட வடிவமே பரவலானது. முன்கால்கள் இரண்டும் ஒரே கம்பியாக ஒரு மோட்டாரிலும், பின்கால்கள் இன்னொன்றிலும் பொருத்தப்படும். முன் மோட்டார் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கும். அதனால் அது இருபுறமும் ஊசலாடும்போது ஒரு முன்கால் தரையை அழுத்த, மற்றது மேலெழும்பி முன்னே செல்லும். அதே நேரத்தில் பின்கால்கள் உடலை முன்னோக்கித் தள்ளும்.

இந்த ஊசலாட்டத்துக்கு 74 எச்.சி. 240 என்ற மலிவான சிப் போதும். உள்ளீட்டை எதிர்நிலைக்கு மாற்றும் எட்டுப் பகுதிகள் அதில் உள்ளன. அவற்றில் இரண்டை மின்தேக்கிகளாலும் மின்தடையாலும் குறுக்காக இணைத்தால், ஒன்று மாற்றி ஒன்று துடிக்கும். இத்தகைய இணைகள் இரண்டில் ஒன்று மற்றதைச் சற்றுப் பின்தங்கித் தொடருமாறு அமைத்தால், முன்கால் அசைவுக்கும் பின்கால் அசைவுக்கும் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். எஞ்சிய நான்கு பகுதிகளும் மோட்டார்களை இயக்கும். ஒரு வெளியீடு தரும் மின்னோட்டம் சில பத்து மில்லியாம்பியர் மட்டுமே என்பதால், வலு போதாதபோது இன்னொரு சிப்பை அதன் முதுகிலேயே வைத்துப் பற்றவைப்பார்கள். கால் தடையில் முட்டினால் மோட்டாரின் சுமை மாறும். அந்த மாற்றம் துடிப்பையும் பாதிக்குமாறு சுற்றை அமைத்தால், எந்திரம் நடையைத் தானே மாற்றிக்கொண்டு தடையைக் கடக்க முயலும்.

வரம்புகளும் தாக்கமும்

இவ்வகை ரோபோவுக்கு நினைவாற்றல் இல்லை. வழியைத் திட்டமிடவோ, இட்ட கட்டளைகளை வரிசையாகச் செய்யவோ இயலாது. கழிவிலிருந்து எடுத்த மோட்டார்கள் ஒன்றுபோல் இருக்காது என்பதால், கால்களை வளைத்தும் மின்தடையை மாற்றியும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சீர்செய்ய வேண்டும்.

டில்டன் பின்னர் வவ்வீ நிறுவனத்துக்காக வடிவமைத்த ரோபோசேப்பியன் பொம்மை 2004இல் விற்பனைக்கு வந்தது. ஏழே மோட்டார்களில் இரண்டு கால்களால் நடந்த அது, பிறர் எளிதில் பிரித்து மாற்றியமைக்கும் விதத்திலேயே செய்யப்பட்டிருந்தது.