தைஹோகு விபத்தும் ஒருபக்க ஐயமும்: நேதாஜி மரண விவாதத்தை முன்வைத்து

சதிக் கோட்பாடுகளைப் பற்றி எழுதுவோர் பலர், அவற்றை நம்புகிறவர்களுக்குப் படிப்பு போதாது, கேள்வி கேட்கத் தெரியாது என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் மரணம் பற்றிய விவாதத்தை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு இது பிழையென்று உடனே படும். எண்பது ஆண்டுகளாக இதில் ஐயம் எழுப்பியவர்களுள் ஓய்வுபெற்ற நீதிபதி உண்டு, நாடாளுமன்ற உறுப்பினர்கள் உண்டு, போஸின் உடன்பிறந்த அண்ணனே உண்டு. ஆவணங்களை அவர்கள் அளவுக்குத் தோண்டியவர்கள் எதிர்த்தரப்பில் குறைவு. ஐயப்படுவதில் அவர்கள் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த ஐயம் ஒரு பக்கம் மட்டுமே பார்த்தது. சதிக் கோட்பாடு பரவுவதும் நிலைப்பதும் இந்த ஒருபக்கப் பார்வையால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்த மூன்றாம் நாள், 1945 ஆகஸ்ட் 18 பிற்பகல், ஜப்பானிய ராணுவத்தின் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானமொன்று தைவானின் தைஹோகு (இன்றைய தாய்பெய்) தளத்திலிருந்து மேலெழும்பும்போதே நொறுங்கி விழுந்தது. அதில் சென்ற தளபதி ஷிடெய் இறந்தார். எரிபொருளில் நனைந்த உடையோடு தீப்பிழம்பைக் கடந்து வெளியே வந்த போஸ், கடும் தீக்காயங்களோடு ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அன்றிரவே உயிர் நீத்தார். உடன் சென்ற ஒரே இந்தியரான ஹபீபுர் ரஹ்மான் பிழைத்தார். அங்கேயே தகனம் நடந்தது. அஸ்தி செப்டம்பரில் டோக்கியோவின் ரென்கோஜி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. மரணச் செய்தி வெளியானது ஆகஸ்ட் 23 அன்று.

இந்தச் செய்தியை நம்ப மறுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, காபூல் வழியாக, இத்தாலியப் பெயரொன்றில் பெர்லின் போய்ச் சேர்ந்தவர் அவர். 1943இல் ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்டு, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி ஆசியா வந்தவர். அது மட்டுமல்ல. 1942 மார்ச்சில் அவர் விமான விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி பரவி, காந்தி அவர் தாயாருக்கு இரங்கல் தெரிவித்து, பின்னர் செய்தி பொய்யென்று தெரிந்தது. மூன்றே ஆண்டுகளில் அதே மனிதர் அதேபோல் இறந்தார் என்றால் யார் நம்புவார்? 1946 தொடக்கத்தில் காந்தியே, போஸ் உயிரோடிருப்பதாகத் தம் உள்ளுணர்வு சொல்கிறது என்றார். அவ்வாண்டு மார்ச்சில் 'ஹரிஜன்' இதழில் அந்த உணர்வை நம்பவேண்டாம் என்று திருத்திக்கொண்டார். முதற்கூற்றைச் சொன்னவர்கள் பலர், திருத்தத்தைச் சொன்னவர்கள் சிலர்.

தமிழ்நாட்டில் இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியவர் பார்வர்டு பிளாக் தலைவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று 1950களில் பொதுமேடைகளில் அவர் உறுதிபடப் பேசினார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போஸ் தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர் குடும்பங்களுக்கும் இது அரசியலைத் தாண்டிய செய்தி. தலைவர் வராவிட்டால் தாங்கள் கொடுத்தது எதற்கு என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. சதிக் கோட்பாட்டை அறியாமையின் விளைவாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தத் துக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த பொறுப்பு அரசுடையது. 1956இல் ஷா நவாஸ் கான் குழு விபத்தை உறுதிசெய்தது. அதில் உறுப்பினராயிருந்த, போஸின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் மறுப்பறிக்கை எழுதினார். 1974இல் கோஸ்லா ஆணையமும் விபத்தையே உறுதிசெய்தது. 2005இல் முகர்ஜி ஆணையம் விபத்தே நடக்கவில்லை என்றது. அதை 2006இல் அரசு காரணம் விளக்காமல் நிராகரித்தது. இதற்கிடையே கோப்புகள் பூட்டியே கிடந்தன. 1948 முதல் 1968 வரை போஸ் குடும்பத்தாரின் கடிதங்களை உளவுத்துறை பிரித்துப் படித்து வந்ததும் 2015இல் அம்பலமானது. அரசு பொய் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்புகின்றன. அரசு எதையோ மறைத்தது என்பது மெய். மறைத்தது போஸ் உயிரோடிருந்த செய்திதான் என்பது தனியே நிறுவப்பட வேண்டிய கூற்று. செத்தவர் வீட்டை ஏன் கண்காணிக்க வேண்டும் என்று கேட்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் போஸின் மற்றோர் அண்ணன் சரத் சந்திர போஸ் காங்கிரசுக்கு எதிராக நின்ற பெரும் அரசியல்வாதி. எதிரணித் தலைவர்களின் கடிதங்களைப் பிரிப்பது ஆங்கிலேயரிடமிருந்து உளவுத்துறை பெற்ற பழைய வழக்கம். அந்தக் கேவலத்தை விளக்க, உயிரோடிருக்கும் நேதாஜி தேவையில்லை.

முகர்ஜி ஆணையம் பெரிதும் சார்ந்திருந்த இரு சான்றுகளை அருகில் வைத்துப் பார்ப்போம். முதலாவது, அந்நாளில் விபத்து நடந்ததாகத் தம்மிடம் பதிவில்லை என்று தைவான் அரசு தந்த பதில். 1945 ஆகஸ்டில் தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. சீனக் குடியரசின் நிர்வாகம் அங்கே வந்தது அக்டோபரில். தோற்ற ராணுவம் தன் தளத்தில் நடந்த விபத்தை, இரண்டு மாதம் கழித்து வரப்போகும் அரசுக்காகப் பதிவு செய்து வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதே விந்தை. இருக்க வாய்ப்பில்லாத இடத்தில் தேடிவிட்டு இல்லை என்பது சான்றாகாது.

இரண்டாவது வலுவானது. தைஹோகுவின் தகனப் பதிவில் போஸின் பெயர் இல்லை. இருப்பது இச்சிரோ ஒகுரா என்ற ஜப்பானியச் சிப்பாயின் பெயர், மரணக் காரணம் இதயச் செயலிழப்பு. ரென்கோஜியில் இருப்பது அந்த ஒகுராவின் அஸ்தியே என்று ஆணையம் முடிவு கட்டியது. போஸின் மரணத்தை மறைக்கவே வேறு பெயர் எழுதப்பட்டது என்கிறது விபத்தை ஏற்கும் தரப்பு. வசதியான விளக்கம்தான், தனித்து நின்றால் நானும் ஏற்கத் தயங்குவேன். எனினும் ஐயத்தை மறுபக்கமும் திருப்புவோம். போஸைத் தப்பவைக்க ஜப்பானியர் பொய் மரணம் ஒன்றை ஜோடித்திருந்தால், முதலில் செய்திருக்க வேண்டியது என்ன? மரணப் பதிவேட்டில் போஸின் பெயரை எழுதுவதுதானே! மருத்துவரை, உயிர் பிழைத்த அதிகாரிகளை, ஹபீபுர் ரஹ்மானைப் பல ஆண்டுகள் ஒரே பொய்யைச் சொல்லவைத்த சூழ்ச்சிக்காரர்கள் ஒரு தாளில் பெயர் எழுத மறந்தார்களா? ஒழுங்கற்ற பதிவு, தோல்வியின் குழப்பத்துக்குப் பொருந்துகிறது. திட்டமிட்ட சதிக்குப் பொருந்தவில்லை. சாட்சிகள் நேரத்திலும் தகன நாளிலும் முரண்படுவதும் அப்படித்தான். எல்லாரும் ஒப்பித்ததுபோல் ஒன்றையே சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தத்துவ அறிஞர் பிரையன் கீலி 1999இல் சுட்டியது இதையே: அதிகாரபூர்வ விளக்கத்தில் பொருந்தாமல் துருத்தி நிற்கும் தரவுகளே சதிக் கோட்பாட்டின் மூலதனம். எந்த உண்மை நிகழ்விலும் அத்தகைய தரவு இருந்தே தீரும்.

இதே கடுமையை மாற்றுக் கதைகளிடம் காட்டினார்களா? பைசாபாத்தில் 1985இல் இறந்த கும்நாமி பாபா என்ற துறவிதான் போஸ் என்போர், கையெழுத்து நிபுணர் ஒருவர் ஒத்துப்போகிறது என்றதைப் பிடித்துக்கொள்கிறார்கள். வேறு நிபுணர்கள் மறுத்ததும், பாபாவுடையதாகக் கருதப்பட்ட பற்களின் மரபணு போஸ் குடும்பத்தாரோடு பொருந்தாததும் அவர்களை அசைக்கவில்லை. உத்தரப்பிரதேச அரசு அமைத்த விஷ்ணு சகாய் ஆணையமும் அவர் நேதாஜி அல்லர் என்றே கூறியது. தைஹோகு மருத்துவர் நேரத்தில் பிசகினால் பொய்யர், பாபாவின் அடியார் சொன்னால் சாட்சி. இந்த இரட்டை அளவை நான் நேர்மையின்மை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆராய்ச்சி என்றும் சொல்லமாட்டேன்.

சதிக் கோட்பாடுகளை ஆராயும் அறிஞர்களும் இந்த ஒருபக்கப் பார்வைக்கு விலக்கல்லர். பிரிட்டிஷ் இளவரசி டயானா தம் மரணத்தை ஜோடித்தார் என்று நம்புவோர், அவர் கொல்லப்பட்டார் என்பதையும் நம்ப முனைகிறார்கள் என்று 2012இல் வுட், டக்ளஸ், சட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மேற்கோளானது. முரண்பட்ட இரண்டையும் ஒருசேர நம்பும் பேதைகள் என்ற சித்திரம் படித்தவர்களுக்கு இனித்தது. வான் ப்ரொய்யனும் உடனாய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட மறு ஆய்வு, அந்தத் தொடர்பு பெரிதும் இரண்டையும் நம்பாதவர்களின் விடைகளால் விளைந்தது என்று காட்டியது. பத்தாண்டுக்கும் மேலாக முதல் முடிவு அலசப்படாமல் ஓடியதற்கு, அது நமக்குப் பிடித்திருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

2015 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு 64 கோப்புகளையும், 2016 ஜனவரி 23 அன்று மத்திய அரசு 100 கோப்புகளையும் வெளியிட்டன. அதே ஆண்டு, ஜப்பானிய அரசின் 1956 விசாரணை அறிக்கையும் வெளிவந்தது. அதுவும் விபத்து மரணத்தையே சொன்னது. கோப்புகள் திறந்தால் உண்மை வெளிப்படும் என்று பல பத்தாண்டுகள் முழங்கியவர்களில் ஒரு பகுதியினர், முக்கியமான கோப்புகள் எரிக்கப்பட்டுவிட்டன என்றும் விடை ரஷ்ய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது என்றும் நகர்ந்தனர். திறக்காத கோப்பு சதிக்குச் சான்று, திறந்த கோப்பு இன்னும் பெரிய சதிக்குச் சான்று. இப்படிப்பட்ட கூற்றை எந்த ஆவணத்தாலும் மறுக்க முடியாது. அதனாலேயே அதற்கு ஆய்வுத் தகுதி இல்லை.

ரென்கோஜி அஸ்தி இன்றும் டோக்கியோவில்தான் இருக்கிறது. அதை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தவும் இந்தியாவுக்குக் கொண்டுவரவும் போஸின் மகள் அனிதா போஸ் பாஃப் பலமுறை கேட்டிருக்கிறார். எரிந்த எலும்பில் மரபணு கிடைக்காமலும் போகலாம். ஆயினும் அரசு அச்சோதனையை வெளிப்படையாக நடத்த வேண்டும். அதற்கு முன்பே, எந்த முடிவு வந்தால் தங்கள் கருத்தைக் கைவிடுவார்கள் என்பதை இருதரப்பு ஆய்வாளர்களும் எழுத்தில் தந்துவிடட்டும்.