கரையில் அன்னம், கூட்டில் புழு

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில் அமைந்த ஐயம்பேட்டை, பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று. உடலையும் இருபுறக் கரைகளையும் மூன்று நாடாக்கள் கொண்டு நெய்து இணைக்கும் கோர்வை முறையில் உருவாகும் காஞ்சிப் பட்டுச் சேலைகளில் அன்னப்பட்சியும் யாளியும் இருதலைப்பட்சியும் தலைமுறைகளாக இடம்பெற்று வருகின்றன. இவ்வுருவங்களுள் பல கோயில் தூண்களிலும் காணப்படுபவை.

மனிதரல்லாத உயிர்களையும் அவை வாழும் நிலத்தையும் இலக்கியம் எவ்வாறு நடத்துகிறது என்று ஆராயும் முறை சூழலியல் திறனாய்வு எனப்படும். வில்லியம் ரூக்கர்ட் 1978இல் அதற்குப் பெயரிட்டார். உயிரினம் தனக்காக நிற்கிறதா, மனிதப் பொருளொன்றைச் சுமக்க நிறுத்தப்படுகிறதா என்பது அம்முறையின் அடிப்படை வினா. கரையில் நிற்கும் அன்னம் மங்கலத்தின் குறியாக நிற்கிறதேயன்றி, இரைதேடும் நீர்ப்பறவையாக நிற்கவில்லை.

ஆங்கிலக் கவிதையிலும் நெடுங்காலம் இதே நிலை இருந்தது. டி. எச். லாரன்ஸ் 1923இல் வெளியிட்ட விலங்கு, பறவை, மலர்க் கவிதைகளில் அது மாறியது: சிசிலித் தீவின் வெயிலில் தண்ணீர்த் தொட்டிக்கு வந்த பாம்பின் பின்னால், குடத்துடன் வந்த மனிதன் தன் முறைக்காகக் காத்து நிற்கிறான், கற்ற கல்வி கொல்லத் தூண்டக் கட்டையை வீசிவிட்டு, உடனே வெட்கப்படுகிறான். டெட் ஹியூஸ் 1960இல் பருந்தையே பேச வைத்தார். ஆயினும் அப்பருந்தின் குரலில் ஆள்வோரின் செருக்கு ஒலிப்பதால், பாம்பைப் பேசவிடாமல் காத்து நின்ற லாரன்ஸே ஆழமானவர் எனலாம்.

நீர்மேல் நிற்கும் மெல்லிய கால் பூச்சியை 1966இல் ஆங்கிலத்தில் பாடிய ஏ. கே. ராமானுஜன், மறு ஆண்டே குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கியது இயைபுடைய செயலே. நிலமும் உயிரும் மாந்தர் ஒழுக்கமும் ஒன்றாக அமையும் திணைமரபு அவருக்கு உறவான மரபு. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கடப்பாரையால் கிளறிப் புல்லரிசி எடுத்து, பார்வை மான், அதாவது பிற மான்களை ஈர்க்கப் பழக்கிய மான், கட்டப்பட்ட விளாமர நிழலில் நிலவுரலில் இட்டுக் குற்றுகின்றனர். அந்த மான் எதற்கும் குறியீடு அன்று. அடிமரம் தேய்ந்த விளாவைப்போல அந்த முற்றத்தைச் சேர்ந்தது.

இத்தகைய கண் சேலையின் மீது விழுந்தால், மரபான கரை உருவங்களுள் இல்லாத ஓர் உயிர் புலப்படும். முசுக்கொட்டை இலை தின்று வளரும் பட்டுப்புழு கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுபடும் என்பதால், கூட்டுக்குள்ளேயே வெப்பத்தால் கொல்லப்படுகிறது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி பட்டைத் தவிர்க்குமாறு சொன்னதும் இக்கொலையை எண்ணித்தான். தறியை நம்பி வாழும் குடும்பங்களின் உழைப்பு இதனால் சிறுமைப்படுவதில்லை. காஞ்சிப் பட்டின் வரலாற்றை எழுதுவோர் கோபுரக் கரையோடும் அன்னத்தோடும் நின்றுவிடாமல், புழுவையும் அது தின்ற இலையையும் முதல் அதிகாரத்திலேயே சேர்க்க வேண்டும்.